பிடிக்கக் கட்டிய கூண்டு

ஏலூரில் நின்று பெரியாற்றைப் பார்க்கிறவருக்கு யானை நினைவு வர நியாயமில்லை. ஆலுவாவில் பிரியும் ஆற்றின் கைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஆலைகள். உரம், பூச்சிக்கொல்லி, ரசாயனம். 2024 மே மாதம் ஆறு நெடுக மீன்கள் செத்து மிதந்தபோது ஊர்ப்பெயர் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. மற்றபடி இது கொச்சியின் தொழிற்பேட்டை, அவ்வளவுதான்.

ஆற்றை எதிர்த்துக் கிழக்கே போகப் போகக் காட்சி மாறும். ஆலுவா மணப்புறம், சங்கரர் பிறந்த காலடி, பிறகு வடகரையில் மலையாற்றூர். அதற்கு எதிரே தென்கரையில் கோடநாடு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நீலகிரி எஸ்டேட்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு கோடநாடு. காலை நேரத்தில் யானைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர். ஒரு காலத்தில் காட்டில் பிடித்த யானைகளைக் கொண்டுவந்து பழக்கிய ஊர். இன்று காயம்பட்ட காட்டு விலங்குகளைக் கொண்டுபோகும் இடமும் இதுவே. பக்கத்துக் கப்ரிக்காட்டில் வனத்துறையின் 'அபயாரண்யம்' இருக்கிறது.

பிடிக்கிற ஊர் எப்படி வைத்தியம் பார்க்கிற ஊர் ஆனது என்பது விசித்திரமான வரலாறு. அதற்கு முதலில் அந்தக் கூண்டைப் பார்க்க வேண்டும்.

மலையாளத்தில் ஆனக்கூடு. முதுமலைப் பக்கம் வனத்துறையார் கரால் என்பார்கள். கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத பருமனுள்ள தடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, மூலைகளில் வெட்டுக் கொடுத்துப் பொருத்தி அடுக்குகிறார்கள். தடிக்கும் தடிக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி. யானை உள்ளே வந்ததும் பின்னால் குறுக்குத் தடிகள் செருகப்படும். தேவைப்பட்டால் பக்கவாட்டிலும் செருகி, அது திரும்ப முடியாதபடி இடத்தைக் குறுக்கலாம். அந்த இடைவெளி வழியாகத்தான் கரும்பும் வெல்லமும் போகும், மூங்கில் கழி போகும், மருந்து போகும். முதலில் கழியால் தொடுவார்கள். யானை அதற்குப் பழகிய பிறகுதான் கை. பத்தனம்திட்டை மாவட்டத்தின் கோன்னியில் 1942இல் கம்பக மரத்தில் கட்டிய கூடு இன்றும் நிற்கிறது. உளுத்துப்போகாத மரம் என்று தேடிக் கட்டியிருக்கிறார்கள்.

இது மருத்துவமனைக்காக வகுத்த வடிவம் அல்ல, யானையின் பிடிவாதத்தை முறிப்பதற்காக வகுத்தது. காயம்பட்ட காட்டு யானையை என்ன செய்வது என்ற கேள்வி தென்னிந்தியாவில் எழும்போதெல்லாம் பதில் இந்தக் கூண்டை நோக்கிச் சாய்வதற்குக் காரணம் உண்டு. யானையை அண்டவும் கட்டவும் நகர்த்தவும் நமக்குத் தெரிந்ததெல்லாம் பிடிக்கிற தொழில் கற்றுக்கொடுத்தவை. வைத்தியத்துக்கென்று தனிக் கருவி எதுவும் நம்மிடம் உருவாகவில்லை.

அந்தத் தொழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் யானையை வீழ்த்தத் தோண்டிய குழிகள் அடிக்கடி வருகின்றன. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டுத் தப்பிய சேரமான் ஒருவன் உண்டு. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், புறநானூற்றின் 17ஆம் பாட்டில், குழியில் விழுந்த களிறு கரையை இடித்து வெளியேறித் தன் கூட்டத்தோடு சேர்வதை உவமையாக்குகிறார். பட்டினப்பாலையில் கரிகாலன் சிறை மீள்வதற்கும் அதே குழி, அதே யானை. கேட்டவர்களுக்கு உடனே விளங்கக்கூடிய காட்சியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். சேரர்களின் முசிறித் துறை இதே பெரியாறு கடலைச் சேரும் இடத்தில் இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி பாப்பிரஸ் ஒப்பந்தத்தில் 'ஹெர்மபோலோன்' கப்பலின் சரக்குப் பட்டியலில் யானைத் தந்தம் இருக்கிறது. உயிரோடு பிடித்தால் படைக்கும் கோயிலுக்கும், செத்தால் கப்பலுக்கு.

யானை வைத்திய நூல்களின் மூலக்கதையும் பிடிப்பதில்தான் தொடங்குகிறது. அங்க நாட்டில் யானைகள் பயிரை அழிக்கின்றன. ரோமபாத மன்னன் ஆள் அனுப்பி அவற்றைப் பிடித்துச் சம்பா நகரில் கட்டிவைக்கிறான். அந்த யானைகளோடு காட்டில் வாழ்ந்த பாலகாப்பிய முனிவர் தேடிக்கொண்டு நகருக்கு வருகிறார். கட்டுண்டு புண்ணாகிக் கிடப்பவற்றுக்குப் பச்சிலை அரைத்துப் பூசுகிறார். மன்னன் வியந்து கேட்க, முனிவர் சொன்னதே நூலாயிற்று என்பது ஐதீகம். இதைச் சொல்லும் 'மாதங்கலீலை'யை எழுதிய நீலகண்டர் கேரளத்துக்காரர் என்பது பொதுவான கருத்து. பயிர்ச்சேதம், பிடிக்க உத்தரவு, பிடித்ததால் புண், புண்ணுக்கு மருந்து. இந்த வரிசை இன்றைய வனத்துறைக் கோப்பிலும் மாறவில்லை.

திருவிதாங்கூர், கொச்சி, மலபார் மூன்றிலும் வழக்கத்தில் இருந்தது குழி முறைதான். வாரிக்குழி என்பார்கள். யானை நடக்கும் தடத்தில் ஆழக் குழி தோண்டி, மேலே மூங்கிலும் தழையும் பரப்பி மண் தூவிவிடுவது. விழுந்த யானையைத் தாப்பானைகள், அதாவது நம் கும்கிகள், வடம் போட்டு இழுத்துக் கூட்டில் சேர்க்கும். விழுகிற வேகத்தில் கால் ஒடிந்தால் அந்த யானை எதற்கும் ஆகாது. ஒடியாவிட்டாலும் வடம் அறுத்த புண்ணில் சீழ் கோத்துச் செத்தவை உண்டு. மைசூரில் 1874இல் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கெட்டா முறையை நடத்திக் காட்டிய ஜி.பி. சாண்டர்சன் இந்தக் குழி முறையை வெறுத்தார். வெறுப்புக்கு இரக்கத்தோடு கணக்கும் காரணம்: முடமான யானை நஷ்டம். கூட்டில் பழக்கும் மாதங்களில் பாகர்கள் கற்ற கைவைத்தியமெல்லாம், புண் கழுவுவது, புழு எடுப்பது, மருந்தெண்ணெய் விடுவது எல்லாமே, பிடிபட்ட பொருளைக் கெடாமல் காக்கும் வேலையாகத்தான் பிறந்தன.

காட்டிலேயே காயத்தோடு திரியும் யானையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் யானையைக் கொன்றால் சன்மானம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணம் 1873இல் காட்டு யானைகளைக் கண்டபடி அழிப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தபின்தான் அது அடங்கியது. வேட்டைக்காரத் துரைமார்களிடம் ஒரு விதி மட்டும் உறுதியாக இருந்தது: சுட்டுக் காயப்படுத்திய மிருகத்தை விட்டுவிட்டு வரக்கூடாது, தொடர்ந்து போய் முடித்துவிட வேண்டும். அதில் கருணையும் இருந்தது, பயமும் இருந்தது. பயத்துக்கு ஆதாரம் ஜிம் கார்பெட்டின் அனுபவங்கள். 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் கோரைப்பற்கள் பழைய குண்டுக் காயத்தில் உடைந்திருந்தன. முக்தேசர் புலியின் உடலில் முள்ளம்பன்றி முட்கள். காயம்தான் புலியை ஆட்கொல்லி ஆக்குகிறது என்று அவர் எழுதிய பிறகு, அடிபட்ட மிருகம் என்றால் அடுத்து ஆளைத் தின்னப்போகும் மிருகம் என்ற எண்ணம் படித்தவர்கள் மனத்திலும் ஊன்றிவிட்டது.

இதற்கிடையில் ஏலூரும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று தொடங்கிய 'ஃபாக்ட்' உர ஆலை 1947இல் உற்பத்திக்கு வந்தது. பக்கத்தில் நிலக்கரி கிடையாது, எண்ணெய் கிடையாது. எனவே அம்மோனியாவுக்கு வேண்டிய வாயுவை விறகிலிருந்து எடுத்தார்கள்! நாட்டின் முதல் பெரிய உர ஆலைகளில் ஒன்று காட்டை எரித்து வயலுக்கு உரம் செய்தது. பக்கத்து அலுமினிய ஆலைக்கு மின்சாரம் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலிலிருந்து வந்தது. ஆற்றின் தலைமாட்டில் அணைகளும் மின்நிலையங்களும், இடையில் தேக்குத் தோட்டங்களும் ரப்பரும், கடைசியில் ஆலை. யானைக்குக் காயம் உண்டாக்கும் தோட்டவேலியும் மின்கம்பியும் பன்றிவெடியும் காட்டுக்குள் ஏறிப்போன வழி இதுதான். ஏலூர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் பெரியாற்றின் ஒரு முனையில் காடு குறைந்ததும் மறுமுனையில் புகைபோக்கி உயர்ந்ததும் ஒரே தலைமுறையில் நடந்தவை.

1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணைக்கு ஏறியது. விற்பதற்காக யானை பிடிக்கும் தொழில் அதோடு முடிந்தது. கோடநாட்டிலும் கோன்னியிலும் கூடு காட்சிப்பொருளாயிற்று.

அந்தச் சட்டம் காயம்பட்ட விலங்கைப் பற்றி என்ன சொல்கிறது? 11ஆம் பிரிவின்படி, முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டாலோ, மீள முடியாதபடி முடமாகியோ நோயுற்றோ போனாலோ, தலைமை வனஉயிரினக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிந்து உத்தரவு தரலாம். பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவருக்கு உறுதிப்பட்டால் ஒழியக் கொல்லச் சொல்ல முடியாது. பிடிப்பதையும் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருப்பதால், நெற்றியில் புண்ணோடு நிற்கிற யானைக்கு மயக்க ஊசி போடவும் அந்த மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். 39ஆம் பிரிவு காட்டு விலங்கை அரசின் சொத்தாக்குகிறது. ஏலூரில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் அடிபட்ட மலைப்பாம்பையோ ஆந்தையையோ எடுத்து வைத்துக்கொண்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஓர் இளைஞர் 2022இல் கால் ஒடிந்த சாரஸ் நாரையைத் தேற்றினார். அது அவர் பைக்கின் பின்னாலேயே பறந்து திரிந்தது. மறு ஆண்டு வனத்துறை பறவையை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் கான்பூர் விலங்குக் காட்சிசாலையில் சேர்த்தது, அவருக்கு நோட்டீஸும் வந்தது. சட்டப்படி சரி. நாரைக்கு என்ன லாபம் என்பது தனிக் கேள்வி.

யாருக்கு வைத்தியம் என்பதைச் சட்டத்துக்கு முன்பே வழக்கமும் தீர்மானித்துவிடுகிறது. மட்டாஞ்சேரியில் குஜராத்தி வணிகர்களின் ஜைனக் கோயிலில் புறாக்களுக்குத் தானியம் இடுவது பழைய வழக்கம். ஜைனர்களின் கருணையில் உருவானதுதான் டெல்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனை. அங்கே மாமிசம் தின்னும் பறவைகளை உள்நோயாளியாக வைத்துக்கொள்வதில்லை. காத்தாடி நூலில் சிறகு அறுந்து விழும் பருந்துகளுக்கு இடமில்லாமல் போனதால்தான் டெல்லியில் இரு சகோதரர்கள் தங்கள் வீட்டிலேயே சிகிச்சை தொடங்கினார்கள். 2022இல் வந்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியது.

யானைக்கு வருவோம். காட்டு யானைக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்ற எண்ணம் அரசு யானை முகாம்களில்தான் தலையெடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முகம் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. முதுமலை, ஆனைமலை முகாம்களின் மருத்துவராக இருந்து 2002இல் மறைந்தவர். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' அவரை வைத்து எழுதப்பட்டதால் இன்று கல்லூரி மாணவர்களுக்கும் தெரிந்த பெயர். காட்டில் செத்துக் கிடக்கும் ஒவ்வொரு யானையையும் அறுத்துப் பார்த்துச் சாவின் காரணத்தை எழுத வேண்டும் என்று அவர் பிடித்த பிடி, பிற்பாடு துறையின் நடைமுறையாயிற்று. கேரளத்தில் மயக்க ஊசியின் கைப்பழக்கம் வேறு களத்தில் வளர்ந்தது: திருவிழாக்களில் மதம் பிடித்து ஓடும் யானைகள். திருச்சூர் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் சீரன், கே. ராதாகிருஷ்ண கைமள் போன்றவர்கள் கூட்டத்துக்கு நடுவே ஓடுகிற யானைகளை மடக்கிப் பழகிய வித்தை, பின்னர் காட்டுக்குள் போனது.

சினிமாவில் காட்டுவதுபோல ஊசி பட்டதும் யானை சாய்ந்துவிடுவதில்லை. நம் நாட்டில் பெரும்பாலும் சைலசினும் கெட்டமினும் கலந்த மருந்து. ஊசி ஏறியபின் யானை சில நிமிடங்கள் நடக்கும். ஓடினால் பள்ளமோ தண்ணீரோ உள்ள பக்கம் போய்விடாமல் மறிக்க வேண்டும். நின்றபடியே தூங்கி வழிந்தால் நல்லது. துதிக்கை தளர்ந்து தொங்கும், காது அசைவது நிற்கும், அதுதான் அறிகுறி. கண்ணைத் துணியால் மூடி, உடம்பு சூடேறாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மார்பு தரையில் அழுந்தப் படுத்துவிட்டால் ஆபத்து. அந்த எடைக்கு நுரையீரல் விரிய முடியாமல் மூச்சு முட்டும். நல்ல உடம்புள்ள யானைக்கே இது ஒரு கண்டம். நாட்கணக்கில் சாப்பிடாமல், சீழ் உடம்பில் ஏறிய யானைக்கு மயக்கமே யமனாகலாம். எனவே மருத்துவர் முன் இருப்பது எப்போதும் ஒரு சூதாட்டம்: பிடிக்காவிட்டால் புண்ணால் சாகும், பிடித்தால் பிடித்ததால் சாகலாம்.

2020 மே மாதம் பாலக்காட்டு மண்ணார்க்காடு வனப்பகுதியில் அந்தச் சூதாட்டத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை. வெடி மறைத்த பழத்தைக் கடித்து வாய் சிதறிய பெண்யானை வெள்ளியாற்றில் இறங்கி, துதிக்கையும் வாயும் தண்ணீரில் மூழ்கும்படி நின்றது. முதலில் அன்னாசி என்றார்கள். விசாரணையில் தேங்காய் என்று தெரிந்தது. கரையேற்ற சுரேந்திரன், நீலகண்டன் என்ற இரண்டு கும்கிகள் வந்தன. அது அசையவில்லை. 27ஆம் தேதி நின்ற இடத்திலேயே முடிந்தது. பிணக்கூறாய்வில்தான் கர்ப்பிணி என்று தெரிந்தது.

கும்கி சுரேந்திரனின் கதையும் ஒதுக்கக்கூடியதல்ல. தாயை இழந்து தனித்துக் கிடந்த கன்றாக 1999இல் கோன்னிக்கு வந்தது அது. ஊரார் செல்லமாக வளர்ந்தது. 2018இல் கும்கிப் பயிற்சிக்காக முதுமலைக்கு அனுப்ப முடிவானபோது ஊரே மறித்து நின்றது. கடைசியில் போயிற்று, கும்கியாகத் திரும்பிற்று. காப்பாற்றப்பட்ட கன்று பிடிக்கிற யானையானது. இந்தத் தொழிலில் இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது கடினம்.

மண்ணார்க்காட்டுச் சாவுக்கு மறு ஜனவரியில், முதுமலையை ஒட்டிய மசினகுடி. முதுகில் ஆழப் புண்ணோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த ஆண்யானைக்கு வனத்துறை பழத்துக்குள் மருந்து வைத்துக் கொடுத்துப் பார்த்தது. அந்தச் சமயத்தில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த அதன்மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காது கருகித் தொங்க, 2021 ஜனவரி 19 அன்று மயக்கி லாரியில் ஏற்றி முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. லாரிக்குப் பக்கத்தில் நின்று அதன் துதிக்கையைத் தடவி அழுத வனக்காவலரின் வீடியோ நாடெங்கும் பரவியது. பழத்தில் மருந்து வைத்த அந்த வாரங்களைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது அதுதான். பிடிக்காமல், கட்டாமல், தூர நின்று பார்த்த வைத்தியம்.

கோடநாட்டுக் கூட்டுக்கு மறுவாழ்வு 2023இல் வந்தது. சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் பேர்பெற்ற அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து இங்கே பழக்குவது என்று அரசு முடிவு செய்து கூண்டைத் தயார் செய்தது. கேரள உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. கூட்டில் அடைக்கக் கூடாது, காட்டிலேயே இடம் மாற்றுங்கள் என்றது. ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்தபோது துதிக்கையில் புண். சிகிச்சை கொடுத்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறு பக்கம் விட்டார்கள். கூண்டு காலியாகவே நின்றது.

2025 ஜனவரி நடுவில் அதிரப்பள்ளி வனப்பகுதியில் ஓர் ஆண்யானை நெற்றியில் ஓட்டையோடு காணப்பட்டது. வலி தாங்காமல் புண்ணின்மேல் மண்ணை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக் குண்டோ என்ற சந்தேகம் வந்தது. கேரள வனத்துறையின் கால்நடை மருத்துவர் டாக்டர் அருண் சக்கரியாவின் குழு ஜனவரி 24 அன்று காட்டிலேயே மயக்கிப் புண்ணைக் கழுவி மருந்திட்டது. உலோகம் எதுவும் இல்லை, இன்னொரு யானையின் தந்தம் குத்திய காயமாக இருக்கலாம் என்றார்கள். எழுந்து நடந்துபோனது. இத்தோடு விட்டால் போதும் என்பது அன்றைய முடிவு, நியாயமான முடிவும்கூட.

மூன்று வாரத்தில் புண் மறுபடி அழுகியது, புழு வைத்தது. ஆழம் சுமார் ஓரடி. சீழ் துதிக்கையின் உள்வழி வரை இறங்கியிருந்தது. பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள். இருந்தும் காட்டில் விட்டு வேடிக்கை பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கு ஊடகங்களின் கண்ணும் ஒரு காரணம் என்று சொன்னால் தப்பில்லை. புண்ணோடு நிற்கும் யானை நாள்தோறும் தொலைக்காட்சியில் தெரியும்போது, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற முடிவை எந்த அமைச்சராலும் அறிவிக்க முடியாது. மூணாறு பக்கத்து யூகலிப்டஸ் தடிகளைக் கொண்டு கோடநாட்டில் கூண்டு ஆயத்தமானது.

பிப்ரவரி 19 காலை ஊசி பட்டதும் யானை சரிந்து விழுந்தது. கூட வந்த ஏழாற்றுமுகம் கணபதி என்ற கொம்பன் விட்டுப் போகவில்லை. துதிக்கையால் தட்டியும் தந்தத்தால் நெம்பியும் எழுப்பப் பார்த்தது. அதை விரட்டிய பிறகுதான் மருத்துவர்கள் நெருங்க முடிந்தது. விழுந்த இடத்திலேயே புண்ணைச் சுத்தம் செய்தார்கள். கும்கிகள் முட்டுக்கொடுக்க யானை எழுந்து நின்றது, லாரியில் ஏறியது. கோடநாட்டுக் கூட்டில் இறங்கித் தண்ணீரும் தீனியும் எடுத்தது. 21ஆம் தேதி பகலில் இறந்தது.

பிடித்ததால் செத்ததா, பிடிக்காவிட்டாலும் செத்திருக்குமா என்று சண்டை போடலாம். ஜனவரியிலேயே கூட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கடைசி நாட்களைக் கணபதியோடு காட்டில் கழிக்க விட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஓரடி ஆழப் புண்ணை நாள்தோறும் கழுவ வேண்டும் என்றால் காட்டு யானையை எங்காவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்த நமக்குத் தெரிந்த ஒரே வழி மரக்கூண்டு. அந்தக் கூண்டுக்கு வர மயக்க ஊசி, வடம், கும்கி, லாரி எல்லாம் வரிசையாக வேண்டும். யானை பிடிக்கும் தொழில் விட்டுப்போன சாமான்கள் இவ்வளவுதான். அவற்றைக் கொண்டு செய்யக்கூடிய வைத்தியத்தை அந்தக் குழு செய்தது.

வேறு வழி ஒரு முறை பலித்திருக்கிறது. முதுமலைப் பக்கத்துச் சீகூர் பள்ளத்தாக்கின் ரிவால்டோ என்ற யானைக்குத் துதிக்கையின் நுனி ஏறக்குறைய ஓரடி கிடையாது. மூச்சுவிடத் திணறுகிறது, முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவான பிறகு, 2021 பிப்ரவரியில் பழத்தைக் காட்டிக் காட்டித் தெப்பக்காடு நோக்கி நடத்திப் பார்த்தார்கள். பாதி வழியில் திரும்பிவிட்டது. மே 5 அன்று அதன் சொந்த இடமான வாழைத்தோட்டத்திலேயே கூண்டு கட்டி, மயக்க ஊசி இல்லாமல், தீனி வைத்தே உள்ளே வரவழைத்தார்கள். மூன்று மாதம் பார்த்தார்கள். மிச்சத் துதிக்கையால் இலை ஒடிக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, நன்றாகவே இருக்கிறது. முகாம் யானையாக்கும் யோசனையைக் கைவிட்டு ஆகஸ்ட் 2 அன்று கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிச் சிக்கல்லா காட்டில் விட்டார்கள். அது ஒரே நாளில் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து வாழைத்தோட்டத்துக்கே வந்துவிட்டது. மறுபடி பிடிக்கக் கிளம்பாமல் அங்கேயே இருக்கவிட்டதுதான் அந்த ஆண்டின் நல்ல முடிவு.

அதிரப்பள்ளியிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 2023 ஜனவரியில் துதிக்கையே இல்லாத ஒரு கன்று தாயோடு தென்பட்டது. பிறவிக் குறையா, முதலை கடித்ததா, கண்ணியில் சிக்கியதா என்று ஆளுக்கொரு ஊகம். எடுத்து வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும் என்று பேச்சு எழுந்தது. கூட்டத்தோடு இருக்கும் வரை கண்காணித்தால் போதும் என்று வனத்துறை விட்டது. கன்று அதன் பிறகும் அதே கூட்டத்தோடு, வாயாலேயே மேய்ந்துகொண்டு, கேமராக்களில் சிக்கியது.